ஓசூர் ரோட்டில் போகும் மெழுகுக் கட்டி

1980களில் நுரையீரல் கட்டியிலிருந்து கிள்ளி எடுத்த சதைக்கு வந்த பேத்தாலஜி ரிப்போர்ட் பெரும்பாலும் சில வரிகளில் முடிந்துவிடும். டைப்ரைட்டரில் அடித்த கடைசி வரியில் ‘லார்ஜ் செல் கார்சினோமா’ என்றிருந்தால் அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்காது. புற்றுநோய்தான், செல்கள் பெரியவை, எந்தத் திசுவின் ஜாடையும் பிடிபடவில்லை என்பதே அதன் முழு அர்த்தம். இன்று அதே மாதிரியான சதைக்கு வரும் ரிப்போர்ட்டில் சினாப்டோஃபைசின் பாசிட்டிவ், குரோமோகிரானின் பாசிட்டிவ், பி40 நெகட்டிவ், கே.ஐ.-67 இத்தனை சதவீதம் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. கடைசி வரியும் நீண்டுவிட்டது: ‘லார்ஜ் செல் நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா’. டாக்டர்கள் சுருக்கி எல்.சி.என்.இ.சி. என்பார்கள். நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான் இந்த வகை. வேகம் அதிகம். கண்டுபிடிக்கும்போதே பலருக்கு மூளை, கல்லீரல், எலும்பு என்று எங்காவது பரவியிருக்கும்.

அந்த மூன்று பேரில் ஒருவர் ஓசூர்க்காரராக இருந்தால் அன்று அவருக்கு என்ன நடந்திருக்கும், இன்று என்ன நடக்கிறது? நோயை வகை பிரித்துப் பெயர் வைக்கும் கலை இந்த நாற்பது ஆண்டில் எங்கோ போய்விட்டது. ஓசூரும் எங்கோ போய்விட்டது. இரண்டும் சந்திக்க வேண்டிய இடத்தில்தான் இழுபறி.

எழுபதுகளின் ஓசூர், சந்திரசூடேஸ்வரர் மலையைச் சுற்றிய சின்ன ஊர். மத்திகிரியில் கால்நடைப் பண்ணை, சுற்றிலும் ராகிக் கொல்லை, தளி பக்கம் போனால் கோடையிலும் குளிர். சிப்காட் நிறுவனம் 1971-இல் தொடங்கி, ஓசூரில் தொழிற்பேட்டை போட்ட பிறகுதான் கதை மாறியது. 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து ஓடத் தொடங்கியது. அசோக் லேலண்ட் லாரி ஆலை வந்தது. எண்பதுகளின் பிற்பாதியில் டைட்டன் கைக்கடிகாரம். இந்தப் பெரிய ஆலைகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள் தெருத்தெருவாக முளைத்தன: லேத், ஃபவுண்டரி, ஃபோர்ஜிங், வெல்டிங், பெயிண்டிங். கிழக்கே கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் குவாரியும் பாலிஷ் போடும் ஆலைகளும். வேலை தேடி வந்தவர்கள் தமிழ் பேசினார்கள். ஏற்கெனவே இருந்தவர்கள் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசினார்கள். எல்லோர் சட்டைப் பையிலும் பொதுவாக இருந்தது பீடிக் கட்டு.

1985-இல் ஐம்பது வயது பட்டறைத் தொழிலாளி ஒருவருக்கு இருமல் விடவில்லை, எடை இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்ரேயில் மேல் மடலில் ஒரு நிழல். அந்தக் காலத்தில் எந்த டாக்டருக்கும் முதலில் தோன்றுவது டி.பி.தான். தோன்றியதில் தப்பும் இல்லை. அந்த வயதில், அந்தத் தொழிலில், அந்த நிழல் பெரும்பாலும் டி.பி.யாகவே இருந்தது. சளியில் கிருமி தெரியாவிட்டாலும் மாத்திரை தொடங்கிவிடுவார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்தும் எடை ஏறாமல், சளியில் ரத்தம் வந்தால்தான் அடுத்த யோசனை. டி.பி. மாத்திரையில் தொலைந்த மாதங்கள் என்பது இந்தியா முழுவதும் நுரையீரல் புற்றுநோய் நோயாளிகளின் கதையில் வரும் முதல் அத்தியாயம். சாதாரண வகைக்கே அது நஷ்டம். இந்த வகைக்கு அந்த மாதங்கள்தான் கையிருப்பு முழுவதும்.

அடுத்த யோசனை என்றால் பஸ். சென்னை அடையாறில் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இருந்தது. ஆனால் அது முந்நூறு கிலோமீட்டர். பெங்களூரில் 1973-இல் தொடங்கிய கிட்வாய் நினைவு மருத்துவமனை ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். அதுவும் ஓசூர் ரோட்டிலேயே. ஜூஜூவாடி செக்போஸ்ட், அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா தாண்டி நேரே போனால் வலது இடது தேட வேண்டியதில்லை. எல்லைப்புறத்துக்காரர்களுக்குப் புற்றுநோய் என்றால் இன்றும் முதலில் நாக்கில் வரும் பெயர் கிட்வாய்தான். மாநிலம் எது என்று அவர்கள் யோசிப்பதில்லை. பஸ் எது என்றுதான் யோசிப்பார்கள்.

அங்கே போய்ச் சேர்ந்த சதைத்துணுக்குக்கு உலகம் முழுவதும் அப்போது இருந்த அறிவுதான் கிடைத்தது. அந்த அறிவின் வரலாறு கொஞ்சம் விசித்திரமானது. நெஞ்சுக்கூட்டின் நடுவில் வரும் ஒரு வகைக் கட்டியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிணநீர்ச் சுரப்பியில் வரும் சார்கோமா என்றே நம்பினார்கள். 1926-இல் லண்டனில் பர்னார்ட் என்ற நோய்க்குறியியலாளர், அது நுரையீரல் மூச்சுக்குழாயிலிருந்து கிளம்பும் புற்று என்று காட்டினார். செல்கள் ஓட்ஸ் மணி மாதிரி இருந்ததால் ‘ஓட் செல்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று ஸ்மால் செல் என்கிறோம். 1959-இல் அசோபார்டி அதன் நுண்ணமைப்பை வரி வரியாக எழுதிவைத்தார். அந்த வகைச் செல்கள் அழிந்து கரையும்போது அவற்றின் டி.என்.ஏ. ரத்தக்குழாய்ச் சுவரில் நீல நிறத்தில் படியும். அந்தப் படிவுக்கு இன்றும் அவர் பெயர்தான். உலக சுகாதார நிறுவனம் நுரையீரல் கட்டிகளுக்கு முதல் வகைப்பாட்டை 1967-இல் வெளியிட்டது.

ஸ்மால் செல் தனி ஜாதி என்பது வெறும் மைக்ரோஸ்கோப் சங்கதி இல்லை என்பதைப் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் சோதனை உறுதி செய்தது. அறுவை செய்துகொண்டவர்கள் சராசரியாக 199 நாள் வாழ்ந்தார்கள். கதிர்வீச்சு பெற்றவர்கள் 300 நாள். 1973-இல் பத்தாண்டு முடிவு வெளிவந்தபோது, இந்த வகைக்குக் கத்தி எடுப்பதைச் சர்ஜன்கள் கிட்டத்தட்ட நிறுத்திக்கொண்டார்கள். ஆக, 1985-இல் பேத்தாலஜிஸ்ட் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ஸ்மால் செல்லா, இல்லையா? ஆமாம் என்றால் கீமோ, கதிர்வீச்சு. இல்லை என்றால், முடிந்தால் அறுவை. ‘இல்லை’ பக்கத்தில் ஸ்குவாமஸ், அடினோ என்று ஜாடை தெரிந்தவை போக, எந்த ஜாடையும் தெரியாத மிச்சம் எல்லாம் லார்ஜ் செல் என்ற ஒரே கூடைக்குள் போயிற்று.

அந்தக் கூடைக்குள் வேறொன்று ஒளிந்திருக்கிறது என்ற சந்தேகம் பலருக்கும் இருந்தது. சில லார்ஜ் செல் கட்டிகள் ஸ்மால் செல் போலவே அவசரக்காரத்தனமாகப் பரவின. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஸ்மால் செல்லில் இருக்கும் அதே கறுத்த துகள்கள் இவற்றிலும் இருந்தன. மூச்சுக்குழாய்ச் சுவரில் ஆங்காங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு வகைச் செல் உண்டு. நரம்பு போலவும் நடக்கும், ஹார்மோன் சுரப்பி போலவும் நடக்கும். அதுதான் நியூரோஎண்டோகிரைன் செல். துகள்கள் அந்தக் குணத்தின் அடையாளம். ஆனால் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் எத்தனை ஆஸ்பத்திரியில் இருந்தது?

1991-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, அமெரிக்காவில் வில்லியம் டிராவிஸும் உடன் உழைத்தவர்களும் 35 கட்டிகளை எடுத்துப் பரிசோதித்து, அவற்றில் ஒரு வகை லார்ஜ் செல்லும் இல்லை, ஸ்மால் செல்லும் இல்லை, லார்ஜ் செல் நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா என்று தனிப் பெயரும் தனி இலக்கணமும் முன்வைத்தார்கள். இரண்டாவது, வேறொரு குழு மெழுகில் புதைத்த திசுச் சீவலை மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கிக் காட்டியது. கேட்க வேடிக்கையாக இருக்கும். ஃபார்மலினில் ஊறிய திசுவில் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு முகத்தை மறைத்துக்கொள்ளும். சாயம் ஏற்றிய ஆன்டிபாடியால் அவற்றைப் பிடிக்க முடியாது. கொதிக்கும் உப்புக் கரைசலில் சூடு காட்டினால் பின்னல் அவிழும். அதன் பிறகு, எந்த ஆஸ்பத்திரி அலமாரியில் இருக்கும் எந்தப் பழைய மெழுகுக் கட்டியையும் எடுத்து, இதில் நியூரோஎண்டோகிரைன் புரதம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம் என்றாயிற்று. இதுதான் இன்று எல்லோரும் ஐ.எச்.சி. என்று சொல்லும் பரிசோதனை.

சில ஆண்டில் மைக்ரோவேவுக்குப் பதில் பிரஷர் குக்கரே போதும் என்று கண்டார்கள். நம்மூர் லேப்கள் பலவற்றில் ஐ.எச்.சி. மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது சாதாரண வீட்டுக் குக்கர்தான். விசில் வந்ததும் நேரம் பார்த்து இறக்குகிறார்கள். பிரஸ்டீஜ் குக்கர் செய்யும் கம்பெனியின் ஆலை ஓசூர் சிப்காட்டில் இருக்கிறது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஓசூரில் செய்த குக்கர் பெங்களூரு லேப்பில் ஓசூர்க்காரரின் சதையை வேக வைத்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

இந்தக் கட்டியை மைக்ரோஸ்கோப்பில் எப்படி அடையாளம் பிடிக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் மெழுகுக் கட்டியைச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, ஊதாவும் இளஞ்சிவப்பும் ஏற்றுவார்கள். குறைந்த உருப்பெருக்கத்தில் முதலில் தெரிவது அமைப்பு. செல்கள் கூடு கூடாக, நாடா நாடாவாகக் கூடியிருக்கும். கூட்டின் விளிம்பில் உள்ள செல்கள் வேலிக் கால் நட்டது போல வரிசையாக நிற்கும். நடுநடுவே சில செல்கள் ஒரு வெற்றிடத்தைச் சுற்றி வட்டமாக உட்காரும். அதற்கு ரோசெட் என்று பெயர். கூட்டின் நடுவில் பெரும்பாலும் செத்த திசு, இளஞ்சிவப்பாகக் கலங்கிக் கிடக்கும். உருப்பெருக்கத்தை ஏற்றினால் செல் பெரிது, உடல்பகுதி தாராளம், உட்கருவுக்குள் உட்கருமணி பளிச்சென்று தெரியும். ஸ்மால் செல்லில் அந்த மணி தெரியாது. உட்கரு உப்பும் மிளகும் தூவியது போலப் பொடியாக இருக்கும், உடல்பகுதி இல்லவே இல்லை என்று சொல்லலாம். சாதாரண லிம்ஃபோசைட் மூன்றை வரிசையாக வைத்தால் வரும் அகலத்துக்குள் செல் அடங்கிவிட்டால் ஸ்மால் செல் பக்கம் சாய வேண்டும்.

பிறகு எண்ணுவது. இரண்டு சதுர மில்லிமீட்டர் பரப்பில் எத்தனை செல்கள் இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கின்றன? இரண்டுக்குக் கீழே, செத்த திசுவும் இல்லையென்றால் டிபிகல் கார்சினாய்டு. மெதுவான கட்டி, அறுத்தெடுத்தால் பெரும்பாலும் ஆயுசு உண்டு. இரண்டு முதல் பத்து, அல்லது புள்ளி புள்ளியாகச் செத்த திசு இருந்தால் அடிபிகல் கார்சினாய்டு. பத்துக்கு மேல் போனால் எல்.சி.என்.இ.சி. அல்லது ஸ்மால் செல். நடைமுறையில் பதினொன்று பன்னிரண்டு என்று இழுபறியில் நிற்பது அபூர்வம். எழுபது எண்பது என்று கொத்தாக இருக்கும். முன்பெல்லாம் ‘பத்து ஹை பவர் ஃபீல்டு’ என்று எண்ணினார்கள். ஆனால் ஒவ்வொரு மைக்ரோஸ்கோப்பின் வட்டமும் ஒவ்வொரு அகலம். ஒரே ஸ்லைடுக்கு இரண்டு ஊரில் இரண்டு எண்ணிக்கை வரும். இரண்டு சதுர மில்லிமீட்டர் என்று பரப்பை நிர்ணயித்ததும் அந்தத் தகராறு தீர்ந்தது. புரட்சிகரமான கண்டுபிடிப்புகளை விட இந்த மாதிரிச் சின்னச் சீர்திருத்தங்கள்தான் நோயாளிக்கு அதிகம் உதவியிருக்கின்றன என்பது என் எண்ணம்.

கடைசியில் ஐ.எச்.சி. சினாப்டோஃபைசின், குரோமோகிரானின், சி.டி.56 என்ற மூன்றில் ஒன்றாவது பழுப்பாகப் பிடிக்க வேண்டும். அண்மைக் காலத்தில் ஐ.என்.எஸ்.எம்.1 என்ற நான்காவதும் சேர்ந்திருக்கிறது. அமைப்பும் சாயமும் இரண்டும் சேர்ந்தால்தான் பெயர். சாயம் மட்டும் பிடித்து அமைப்பு இல்லாவிட்டால் பெயர் கிடையாது. இந்த விதியில்தான் சிக்கலே. டிராவிஸ் இலக்கணம் எழுதியது பெரும்பாலும் அறுத்தெடுத்த முழுக் கட்டிகளைப் பார்த்து. நம் நோயாளி வரும்போது நோய் பரவியிருப்பதால் பெரும்பாலும் அறுவை கிடையாது. கிடைப்பது ஊசியில் வந்த நூல் மாதிரிச் சதை. அதில் கூடும் ரோசெட்டும் எங்கே தேடுவது? போதாக்குறைக்கு, இடுக்கி அழுத்தத்தில் செல்கள் நசுங்கி இழுபட்டு, ஸ்மால் செல்லா பெரிய செல்லா என்று அளக்கவே முடியாமல் போகும். அதனால் சின்னத் திசுவில் நேர்மையான பேத்தாலஜிஸ்ட் ‘நான் ஸ்மால் செல் கார்சினோமா, நியூரோஎண்டோகிரைன் அம்சங்களுடன், எல்.சி.என்.இ.சி. ஆக இருக்கலாம்’ என்று எழுதி நிறுத்துவார். ரிப்போர்ட்டில் ‘இருக்கலாம்’ என்று வந்தால் குடும்பம் பதறும். டாக்டருக்கே தெரியவில்லை போலிருக்கிறதே என்று வேறு லேப் தேடிக் கிளம்பும். அந்தச் சொல் அங்கே அறியாமையால் வரவில்லை. வகைப்பாடே அப்படி எழுதச் சொல்கிறது.

பெயர் மேலும் இடம் மாறியது. 1999-இல் உலக சுகாதார நிறுவனம் எல்.சி.என்.இ.சி.யை ஏற்றுக்கொண்டது, ஆனால் லார்ஜ் செல்லின் உட்பிரிவாக. 2015-இல் அங்கிருந்து எடுத்து, கார்சினாய்டு இரண்டையும் ஸ்மால் செல்லையும் சேர்த்து நியூரோஎண்டோகிரைன் என்ற ஒரே கூரையின் கீழ் வைத்தது. 2021-இல் வந்த ஐந்தாம் பதிப்பும் அந்தக் கூரையைக் கலைக்கவில்லை. பழைய லார்ஜ் செல் கூடையோ காலியாகிக்கொண்டே வருகிறது. இன்றைய சாயங்களை எல்லாம் போட்டுப் பார்த்தும் எதிலும் சேராதவைதான் அதில் மிச்சம். அதையும் முழுக் கட்டியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்கிறார்கள்.

மரபணு படிக்கத் தொடங்கியதும் இன்னொரு பிளவு. 2016-க்குப் பிறகு வந்த ஆய்வுகளின்படி எல்.சி.என்.இ.சி. என்று ஒரே பெயரில் அழைப்பவற்றில் ஒரு பகுதி டி.பி.53, ஆர்.பி.1 இரண்டும் பழுதான ஸ்மால் செல் சாயல். இன்னொரு பகுதியில் எஸ்.டி.கே.11, கீப்1 பழுது, அது நான் ஸ்மால் செல் சாயல். எந்தக் கீமோ கொடுப்பது என்ற பழைய வாதம் இதனால் கூர்மையாயிற்று. சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடு என்ற ஸ்மால் செல் மருந்தா, இல்லை ஜெம்சிடாபின், டாக்சேன் வகையா? ஆர்.பி.1 நல்லபடி இருப்பவர்களுக்கு இரண்டாவது வகை கூடுதல் பலன் தரலாம் என்று நெதர்லாந்து ஆய்வு ஒன்று 2018-இல் சொன்னது. இன்னும் யாரும் கல்வெட்டில் பொறிக்கவில்லை. நோயே அபூர்வம் என்பதால் பெரிய சோதனை நடத்த ஆள் சேருவதில்லை.

இனி இன்றைய ஓசூர். 2011 கணக்கெடுப்பில் 1.16 லட்சம் பேர் இருந்த நகராட்சி 2019-இல் மாநகராட்சியாகிவிட்டது. போச்சம்பள்ளியில் ஓலா மின்ஸ்கூட்டர், ஓசூருக்குத் தெற்கே டாடா எலக்ட்ரானிக்ஸ் என்று அடுத்த அலை வந்துவிட்டது; வேலைக்குப் பஸ் ஏறும் கூட்டத்தில் இப்போது இளம்பெண்கள் ஏராளம். சி.டி. ஸ்கேன் ஊருக்குள்ளேயே எடுக்கலாம். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் போலுப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரி என்றால் கூடவே ஒரு பேத்தாலஜி துறை உண்டு. ஓசூர் ரோட்டிலும் பொம்மசந்திராவிலேயே 2009 முதல் தனியார் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சில்க் போர்டு வரை 2010-இல் மேம்பாலம் போட்டார்கள். காரில் போகிறவர்களுக்கு அது வரம்.

டி.பி. விஷயத்தில் பெரிய நல்லது நடந்திருக்கிறது. சளியில் கிருமியின் மரபணுவையே தேடும் சி.பி.நாட், ட்ரூநாட் கருவிகள் வந்துவிட்டன. ட்ரூநாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர் பெங்களூரின் பிக்டெக் லேப். சில மணி நேரத்தில் டி.பி. உண்டா இல்லையா என்று தெரியும். ‘பார்க்கலாம், மாத்திரை போட்டுப் பாருங்க’ என்ற பழைய மூன்று மாதத்துக்கு இன்று நியாயம் இல்லை. ஆனாலும் அந்தப் பழக்கம் ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். எக்ஸ்ரேயில் நிழல், சளியில் கிருமி இல்லை, ஆள் பீடிக்காரர் என்றால் அடுத்த வாரமே ஸ்கேன் என்ற வேகம் எல்லா கிளினிக்கிலும் வரவில்லை.

பீடி என்று சொன்னதும் காரணங்களையும் சொல்லிவிடலாம். எல்.சி.என்.இ.சி.யும் ஸ்மால் செல்லும் பெரும்பாலும் புகைத்தவர்களின் நோய். பட்டறைப் புகையையும் சும்மா விட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997-இல் படிகச் சிலிக்காத் தூளையும், 2012-இல் டீசல் புகையையும், 2017-இல் வெல்டிங் புகையையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று முதல் பட்டியலில் சேர்த்தது. கிரானைட் தூள், லாரி, வெல்டிங் மூன்றும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சோறு. இந்த ஊரில் இந்த நோய் கூடுதல் என்று யாரும் இதை வைத்துச் சொல்லிவிட முடியாது; ஆனால் ரிப்போர்ட்டில் தொழில் என்ற கட்டத்தில் ‘கூலி’ என்று மட்டும் எழுதுவதை நிறுத்தலாம். என்ன கூலி என்பதுதான் கேள்வி.

ஊசி பயாப்ஸி ஓசூரிலேயே எடுத்தாலும் ஐ.எச்.சி.க்குப் பல சமயம் பெங்களூருக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருக்கிறது. ‘ஸ்லைடும் பிளாக்கும் வாங்கிட்டு வாங்க’ என்பது இன்று எல்லைப்புறக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் பழகிய வாக்கியம். பிளாக் என்பது தீப்பெட்டியை விடச் சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிய மெழுகு. நடுவில் சோற்றுப் பருக்கை அளவுக்குச் சதை. சட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய நம்பர். மகனோ மச்சானோ அதை ஃபைல் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு அத்திப்பள்ளி பஸ்ஸில் போகிறார். ‘வெயில்ல வண்டிக்குள்ள வெச்சிடாதீங்கண்ணா, உருகிடும்’ என்று கவுண்டரில் சொல்லி அனுப்புவார்கள். ஐம்பத்தைந்து அறுபது டிகிரியில் இளகும் மெழுகு அது. மே மாதம் கண்ணாடி ஏற்றிய காரின் டாஷ்போர்டு அந்தச் சூட்டைத் தொடக்கூடியது.

இரண்டு நாளில் முடியக்கூடிய பரிசோதனை இப்படி இரண்டு வாரமாக நீள்கிறது. முதல் லேப்பில் பிளாக் கேட்க ஒரு நடை. அங்கே ‘டாக்டர் லெட்டர் கொண்டு வாங்க’. பெங்களூரில் கொடுக்க ஒரு நடை. அங்கே ‘சதை பத்தாது, திரும்ப எடுக்கணும்’. முதல்வர் காப்பீட்டு அட்டை எந்தக் கவுண்டரில் செல்லும், ஆயுஷ்மான் அட்டை எங்கே செல்லும் என்று விசாரிக்க ஒரு நடை. கவுண்டரில் கன்னடம், ரிப்போர்ட்டில் இங்கிலீஷ், நோயாளிக்குத் தெலுங்கு கலந்த தமிழ். வகைப்பாடு 1967-லிருந்து 2021 வரை ஐந்து பதிப்பு முன்னேறிவிட்டது. பிளாக் மட்டும் இன்னும் பஸ்ஸில்தான் போகிறது. ஸ்மால் செல் சாயலா நான் ஸ்மால் செல் சாயலா என்ற நுணுக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஊசி போட்ட அன்றே அந்தச் சதையில் ஒரு சீவலையும் வீணாக்காமல், எந்தச் சாயம் முதலில் என்று தீர்மானித்து, ஒரே லேப்பில் முடித்துக் கொடுத்தால் இந்த நோயாளிக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இன்று வேறில்லை.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், பெயர் நீண்ட அளவுக்கு மருந்தால் ஆயுள் நீளவில்லை. சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடு எண்பதுகளிலேயே வந்த ஜோடி. இன்றும் அதுவே முதல் வரிசை. 2018-இல் பரவிய ஸ்மால் செல்லுக்கு அடிசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்தபோது இடைநிலை ஆயுள் 10.3 மாதத்திலிருந்து 12.3 மாதமாயிற்று. இரண்டு மாதம். அதற்கே உலகம் கைதட்டியது, அதற்கு முன் பல பத்தாண்டுகள் எதுவுமே நகராததால். பரவாத ஸ்மால் செல்லில் 2024-இல் வந்த துர்வாலுமாப் முடிவு மெய்யாகவே பெரியது: 33.4 மாதம் 55.9 ஆனது. அதே ஆண்டு டார்லடமாப் என்ற புதுவகை மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது பிடிக்கும் டி.எல்.எல்.3 என்ற புரதம் எல்.சி.என்.இ.சி. பலவற்றிலும் இருக்கிறது. ஆனால் இந்தச் சோதனைகள் ஸ்மால் செல்லுக்காக நடந்தவை. எல்.சி.என்.இ.சி.க்காரருக்கு டாக்டர் இரவல் கணக்கில்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அப்படித் தீர்மானிப்பதற்காவது பெயர் சரியாக இருக்க வேண்டும், சீக்கிரமும் வர வேண்டும்.

மருந்துக்கு மிஞ்சியவர்களை வீட்டில் பார்த்துக்கொள்வதில் இந்த மாவட்டத்துக்கு ஒரு இடம் உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று முதலமைச்சர் தொடங்கிவைத்தது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். சுகர், பி.பி. மாத்திரை வீட்டுக்கு வருவதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். வலி தணிப்புச் சிகிச்சையும் அதில் அடக்கம். 1985-இல் கிட்வாயிலிருந்து ‘ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்று அனுப்பப்பட்டவருக்கு ஊரில் அப்படி ஒரு ஆள் வந்து கதவு தட்டியிருக்க மாட்டார்.

அந்த 1985 நோயாளி கணக்கிலும் வரவில்லை. மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு 1982-இல் பெங்களூரில் கிட்வாயிலும் சென்னையில் அடையாறிலும் தொடங்கியது. பெங்களூருப் பதிவேட்டில் பெங்களூரு நகரவாசி மட்டும்; சென்னைப் பதிவேட்டில் சென்னைவாசி மட்டும். ஓசூர்க்காரர் கிட்வாய் மருத்துவமனையின் சொந்த ஏட்டில் ஏறியிருப்பார், ஆனால் எந்த ஊரின் நோய்க் கணக்கிலும் சேர்ந்திருக்க மாட்டார். 2012-இல் தமிழ்நாடு முழுவதையும் தழுவிய பதிவேட்டுத் திட்டம் வந்த பிறகுதான் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் ஒரு வரிசை கிடைத்தது.

அந்த வரிசையில் எழுதும் எண்ணைத் தீர்மானிப்பது பேத்தாலஜி ரிப்போர்ட்டின் கடைசி வரி. உலகம் முழுவதும் கட்டிகளுக்கு ஒரே குறியீட்டுப் பட்டியல்: ஸ்மால் செல் 8041, பழைய லார்ஜ் செல் 8012, எல்.சி.என்.இ.சி. 8013. இந்தக் கடைசி எண் 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தது. ஐ.எச்.சி. போடாமலே ஒரு ரிப்போர்ட் வந்தால் பதிவாளர் 8012 என்றோ, அதுவும் இல்லாமல் வெறும் கார்சினோமா என்று 8010 என்றோ எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போவார். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எத்தனை 8013 என்று யாராவது எடுத்துப் பார்த்தால் அதில் நோயின் கணக்கோடு, பிளாக் பெங்களூரு போய்ச் சேர்ந்ததா என்பதன் கணக்கும் கலந்திருக்கும்.